உள்பக்கம் திறக்கும் கதவு

ஆடி மாதம், புதன் இரவு.

என் கட்சிக்காரர் முனியசாமி மேஸ்திரியே இன்று என் கேஸைக் கவிழ்த்துவிட்டார்.

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு, மருந்து அடைக்கிற அறை எட்டு கட்டினார். எட்டுக் கதவும் உள்பக்கம் திறக்கிறது. லட்சுமி உள்ளே வரட்டும் என்று வீட்டுக்கு வைப்பது போலவே வைத்துவிட்டார். தீப்பிடித்தால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டிய கதவு அது. முதலாளி கட்டடத்தை ஏற்க மறுத்துவிட்டார்.

முதலாளி கொடுத்த வரைபடத்தில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று குறிக்கவே இல்லை. தப்பு மேஸ்திரியுடையது இல்லை என்று வாதாட எனக்கு அது போதும். அந்தக் கட்டடத்திலேயே முதலாளி முன்னால் அதை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி எழுந்துபோய் ஓர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து தோளால் இடிக்கிற சத்தம், இரண்டு தரம். பிறகு இழுத்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"படத்தை மடிச்சு வைங்க வக்கீலம்மா. தப்பு என்னுதுதான். இங்கன நாலு பொம்பளைக உக்காந்து வேலை பாப்பாக."

திரும்பும்போது காரில் அவர்தான் ஆரம்பித்தார்.

"கோவமா இருக்கீகளா? ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்திருவேன். நீங்களே உள்ள நின்னு தள்ளிப் பாருங்க."

நானும் சாப்பிட்டதிலிருந்து இந்த மனுஷன்மேல் கோபப்பட்டுப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை போவேன். எட்டையும் தள்ளிப் பார்ப்பேன். ஒன்று சிக்கினாலும் அவருக்கு இருக்கிறது அன்றைக்கு.