அண்ணத்தில் ஒட்டிய அப்பம்

என் பாசத்துக்குரிய அண்ணே,

நீங்க ஆண்டவர்கிட்டப் போயி ஒரு மழைக்காலம் கழிஞ்சிடுச்சு. இங்க வீட்டுல ஒரு பஞ்சாயத்து, உங்ககிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்ல?

உங்க மருமக ஸ்டெலாவுக்கு முதல் நன்மை வருது, கோயில்ல முதல் தடவையா நற்கருணை அப்பம் வாங்கப் போறா. எட்டு வயசாகியும் எச்சில் வடியுறது நிக்கல. பிறந்தப்ப மூச்சு தாமதமா வந்ததுல விழுங்குற தசைக்குப் பலமில்லாமப் போச்சே, அதுதான். வெள்ளைச் சட்டை போட்டா பூசை முடியுறதுக்குள்ள நெஞ்சு நனைஞ்சிடும்.

டாக்டர் ஒரு வழி சொன்னாரு. காதுக்குள்ள போயி, எச்சில் சுரப்பிக்குப் போற நரம்ப வெட்டிவிடலாமாம். அவ அப்பா உடனே சரின்னுட்டாரு. எனக்குப் பயமா இருந்துச்சு. உங்க மூஞ்சிதான் கண்ணுக்குள்ள வந்துச்சு.

ரெண்டு காதுலயும் சீழ் பிடிச்சு ஆபரேசன் பண்ணினப்ப உங்களுக்குப் போனதும் அதே நரம்புதானே? அதுக்கப்புறம் உங்க வாய் காய்ஞ்சே கிடந்துச்சு. நன்மை வாங்கினா அப்பம் அண்ணத்துல ஒட்டிக்கும். எல்லாரும் எந்திரிச்சு உக்காந்த பிறகும் நீங்க மட்டும் கண்ண மூடிக்கிட்டு முழந்தாள்ல இருப்பீங்க. தேயிலைத் தோட்டமே உங்களப் பெரிய பக்திமான்னு நம்புச்சு. நீங்களும் இல்லன்னு சொல்லல, ஆளு லேசுப்பட்டவரா!

உங்க கதைய டாக்டர்கிட்டச் சொன்னேன். பெக்டரியில யாரோடயாவது சண்டை வந்தா மட்டும் உங்களுக்குத் திடீர்னு வாயூறுமே, அதையும் சொன்னேன். அவரு கதிரைய இழுத்துப் போட்டுக் கேட்டாரு. நரம்பு சொல்றதக் கேக்க சுரப்பியில ஏற்பிகள்னு இருக்காம், காது மாதிரி. வளர்ந்த ஆளுக்கு நரம்பு போனா, அந்தக் காது இன்னும் கூர்மையாகிடுமாம். கோபம் வந்தா ரத்தத்துல வர்ற சின்னச் சேதிக்கும் சுரக்குமாம். உங்களுக்கு அப்படி இருந்திருக்கலாம்னாரு. லயத்து வரிசை வீட்டுல, பக்கத்து காம்பிராவுல குடியிருக்கவங்க பேச்ச சுவத்துல காத வச்சுக் கேப்போமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

சின்ன வயசுல அப்படி இல்லையாம். குட்டியிலயே நரம்பு போன மிருகங்கள்ல அந்த ஏற்பிகள் சரியா வளராமலே போகலாமாம். எட்டு வயசுப் புள்ளைக்கு எந்தப் பக்கம் சாயும்னு கேட்டேன். “உறுதியாச் சொல்ல முடியாதும்மா. வெட்டினா திரும்ப ஒட்ட வைக்கவும் முடியாது”ன்னாரு. மறைக்காமச் சொன்னதுக்கு அவருக்குப் புண்ணியம்.

வேணாம்னுட்டேன். விழுங்குறதுக்குப் பயிற்சி தர்றாங்க, அதுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவ அப்பா இன்னும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்காரு. ஊர் சிரிக்குமாம். சிரிக்கட்டுமே.

போன ஞாயிறு மறைக்கல்வியில, மந்திரிக்காத அப்பத்தக் குடுத்துப் பழக்கினாங்க. மத்த புள்ளைங்க எல்லாம் வாய்க்குள்ள நாக்கச் சுழட்டிக்கிட்டு முழிச்சுச்சுங்க. நம்ம புள்ளைக்கு வச்சதும் கரைஞ்சிடுச்சு. என் பக்கம் திரும்பி, “மாமாவுக்கு ஒட்டுச்சு, எனக்கு ஒட்டலம்மா”ன்னா. நான் துண்டால அவ வாயத் துடைச்சுவிட்டேன், என் கண்ணையும்தான்.

அவ வளர்ந்து, அவளாக் கேக்குற வரைக்கும் அந்த நரம்புல கத்தி வைக்க விடமாட்டேன். முதல் நன்மை அன்னைக்கு எல்லாரும் உக்காந்த பிறகும் நான் முழந்தாள்லயே இருப்பேன், உங்க அப்பம் கரையுற நேரம் வரைக்கும். பக்தின்னு நெனைச்சா நெனைச்சுட்டுப் போகட்டும்.

உங்க கூடப்பிறந்த தங்கச்சி,
லூர்து
அக்கரப்பத்தனை