உனக்காகச் சுவை பார்த்த கோடை

மச்சான்,

வெங்காய மணம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை வதக்கியது, இன்று திங்கள். காலையில் வேலைக்குப் போகும்போது ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கையிலிருந்து அது எழுந்து வந்தது. பக்கத்தில் நின்ற பெண் மெல்ல நகர்ந்து போனாள். முன்பென்றால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். இந்த வருடம் எனக்கு எதுவும் அப்படி உடனே வருவதில்லை.

நம் குடியிருப்பின் கோடை விருந்து முடிந்துவிட்டது. பள்ளிக்கூடங்கள் மூடுவதற்கு முந்தைய சனிக்கிழமை, நம் கட்டடங்களுக்கு நடுவே உள்ள அதே புல்வெளியில். சொசேஜுக்குத் தொடுகறியெல்லாம் வைக்கிற பொல்ஸ மேசையை இந்த முறை யார் பார்ப்பது என்று குடியிருப்புச் சங்கத் தலைவி எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். பகல் முழுவதும் ஒருவரும் பதில் எழுதவில்லை. எல்லோருக்கும் அது உன்னுடைய மேசை. மாலையில் நான் எழுதினேன், நான் பார்க்கிறேன் என்று. துக்கத்தோடு எழுதினேனா என்று கேட்டால் தெரியாது. யாராவது எழுத வேண்டியிருந்தது.

நீ அதைத் தொடங்கியது நினைவிருக்கிறது. அதற்கு முன்னெல்லாம் சொசேஜ் சுடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் தக்காளிச் சோஸ் ஒரு போத்தல், கடுகுச் சோஸ் ஒரு போத்தல், அவ்வளவுதான். மழை தூறத் தூறச் சனம் வரிசையில் நிற்கும். நீ பஸ் ஓட்டுகிறவன். உன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நிக்கிற சனத்தைக் கண்டால் எனக்குக் கதவைத் திறந்துவிட வேணும் போல கிடக்கு," என்றாய்.

அடுத்த வருடம் நீளமான மேசையொன்றைக் கொண்டுவந்தாய். நான் அதைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். நீ இழுத்து நடுவில் போட்டாய், சனம் இரண்டு பக்கத்தாலும் வரவேண்டும் என்று. ஒரு தலைப்பில் பாணும், உருளைக்கிழங்கு மாவில் தட்டிய அந்த மெல்லிய லும்ப ரொட்டியும். பிறகு சோஸ்கள், இறால் சலாட், ஊறவைத்த வெள்ளரிக்காய், பச்சை வெங்காயம். கடைசித் தலைப்பில் மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம். நான் பொரித்த வெங்காயத்தை முன்னுக்கு வைத்தபோது நீ என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாய்.

"முதல் ஒட்டுறதைப் போட விடு. பிறகுதான் உதிருறது. இல்லாட்டில் எல்லாம் புல்லுக்குள்ளை."

அந்த வரிசையின் நடுவில்தான் உன் சீனிச்சம்பலை வைத்தாய். மாசிக் கருவாடு போட்டு, புளி விட்டு, செத்தல் மிளகாயோடு வெங்காயம் கருஞ்சிவப்பாகும்வரை நின்று வதக்கியது. கீழ் வீட்டு பெரித் கிழவி அதை எட்டிப் பார்த்து, இது ஜாமா என்று கேட்டாள். ஓம், ஆனால் கொஞ்சம் கோபக்கார ஜாம் என்று நீ அவளுடைய மொழியிலேயே சொன்னாய். அன்றிலிருந்து நம் கட்டடத்தில் அதற்கு அதுதான் பெயர்.

போன கோடையில் உனக்குத் தொண்டையில் கதிர்ச் சிகிச்சை முடிந்திருந்தது. வாயில் எதை வைத்தாலும் ஈரக் கடதாசி போல இருக்கிறது என்றாய். வீட்டில் இரு என்று உன் மனைவி கெஞ்சினாள். நீ கேட்கவில்லை. என் குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை வதக்க வைத்தாய். பதம் வந்ததும் கரண்டியால் அள்ளி என்னிடம் நீட்டினாய்.

"தின்னு. தின்னுபோட்டுச் சொல்லு."

"நல்லா இருக்கடா."

நீ கரண்டியை மேசையில் வைத்துவிட்டாய். உனக்குக் கோபம் வந்திருந்தது.

"நல்லா இருக்கு எண்டு சொல்லாதை. உதைத்தான் ஆஸ்பத்திரியிலையும் எல்லாரும் சொல்லுகினம். முதல் வாறது இனிப்போ, புளியோ? உறைப்பு நாக்கிலை நிக்குதோ, தொண்டைக்குப் போகுதோ? அதைச் சொல்லு எனக்கு."

நான் இன்னொரு வாய் எடுத்தேன். நாற்பது வருடமாகத் தின்றுகொண்டிருந்த ஒன்றை அப்படிக் கவனித்ததில்லை. இனிப்புத்தான் முதலில் வந்தது. புளி பின்னால் வந்தது, ஆனால் காணாது. மாசி விழுங்கிய பிறகுதான் தெரிந்தது. உறைப்புத் தொண்டைக்குப் போகாமல் உதட்டிலேயே நின்றது. தட்டித் தடுமாறிச் சொன்னேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய். இன்னும் கொஞ்சம் புளி விடு என்றாய். விட்டு, திரும்பத் தின்று, திரும்பச் சொன்னேன்.

"ம். இப்ப எனக்கு விளங்குது," என்றாய்.

விருந்தில் நீ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். நீ சாப்பிடவில்லையா என்று பெரித் கேட்டாள். நீ என்னைக் காட்டினாய். இன்றைக்கு இவன்தான் என் வாய் என்றாய். அவள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

இலையுதிர் காலத்தில் உனக்கு வயிற்றில் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு என் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தினமும் உன் அழைப்பு வரும். சுகம் விசாரிக்க விடமாட்டாய். என்ன சாப்பிடுகிறாய் என்றுதான் முதல் கேள்வி. தபால் பிரிக்கிற இடத்துச் சாப்பாட்டு அறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, தொலைபேசிக்குள் என் சாப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் தமிழ் விளங்காமல் பார்ப்பார்கள். மரக்கறிக் குழம்பில் வெந்தயம் கூடிவிட்டது, கத்தரிக்காய்த் தோல் கயர்க்கிறது, சோறு குளிர்ந்து கட்டியாகிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குப் பொழுது போகவேண்டும் என்று கேட்கிறாய் என நினைத்தேன். வேலை கூடின நாட்களில் சுருக்கமாக முடித்ததும் உண்டு. அப்போது நீ, "பிறகு?" என்பாய்.

மாசி மாதத்தில் நீ போய்விட்டாய். தேவாலயத்திலிருந்து உன் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். வழியெல்லாம் பனி உறைந்து கிடந்தது. வழுக்கக்கூடாது, வழுக்கக்கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சப்பாத்தைக் கழற்ற உதவினாள்.

"அழுதுபோடுங்கோவன் அப்பா," என்றாள்.

எனக்கு வரவில்லை. பிறகு வரும் என்றிருந்தேன். பனி உருகி, மரங்களில் இலையும் வந்துவிட்டது.

சனிக்கிழமை மேசையை நடுவில்தான் போட்டேன். எல்லாம் உன் ஒழுங்கில். அடுப்புப் பக்கம் புகை, பிள்ளைகளின் சத்தம், குளவிகள். கிண்ணங்களை நிரப்புவதும் மூடுவதுமாக நின்றேன். சனம் வந்து, உன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லி, சோஸ் போட்டுக்கொண்டு போனது. எல்லோருக்கும் தலையாட்டினேன்.

உன் மனைவி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வரிசையில் நின்று, தன் முறை வந்தபோதுதான் கண்டேன். மெலிந்திருந்தாள். வெறும் லும்ப ரொட்டியில் சொசேஜைச் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். சம்பல் கிண்ணத்தைக் காட்டினாள்.

"அண்ணை, இது எப்பிடி இருக்கு?"

"இனிப்பு முதல் வருது தங்கச்சி. புளி பின்னாலை. உறைப்பு கொஞ்சம் பிந்தித்தான் தெரியும்."

அவள் கிண்ணத்தையே பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ தெரியாது," என்றாள். "அந்தக் குழாய்ச் சாப்பாடு அவருக்கு அறவே பிடிக்காது. நேர்ஸ் வந்து பையைக் கொழுவினாலும் திறக்க விடமாட்டார். பொறுங்கோ, அவன் சாப்பிட இருக்கட்டும் எண்டுவார். உங்களுக்குப் போன் எடுத்துப்போட்டுத்தான் நேர்ஸுக்குக் கையைக் காட்டுவார், இப்ப விடு எண்டு. நீங்கள் சொல்லச் சொல்ல அது இறங்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைச் சப்பிக்கொண்டு கிடப்பார்."

அவளுக்குப் பின்னால் சனம் காத்து நின்றது. ஒரு கரண்டி சம்பலை அவளுடைய ரொட்டியில் போட்டேன். அதற்கு மேல் பொரித்த வெங்காயம். அவள் அப்பால் போகாமல் மேசைக்கு அருகிலேயே நின்று, மெதுவாக, முழுவதையும் தின்றாள். தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "உறைப்பு இப்பத்தான் வருது," என்றாள். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து நின்று கிண்ணங்களை மூடத் தொடங்கினாள். சனம் குறையும்வரை நின்றாள்.

அவள் சொன்னது எனக்குள் எங்கேயோ போய் இருக்கிறது. இன்னும் அதைத் தொட முடியவில்லை. அழுகை இப்போதும் வரவில்லை. நீ அதைப் பற்றிக் கேட்கமாட்டாய் என்றும் தெரியும்.

இன்று மதியம், மீனை அரைத்துத் தட்டிப் பொரிக்கிற மீன் கேக் கொண்டுபோனேன். நேற்று மிஞ்சியது, சூடாக்கவில்லை. ஓரம் கொஞ்சம் கருகியிருக்கிறது, அதுதான் நல்ல இடம். உள்ளே மெத்தென்று, மீனை விடப் பாலின் ருசி கூட. உப்புக் குறைவு. விழுங்கும்போது சாதிக்காய் ஒரு நொடி வந்துபோகிறது. கூட அவித்த கரட், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆறுதலாகத்தான் சாப்பிட்டேன் மச்சான், இடைவேளை முடியும்வரை.