கொக்கி போட்டால்தான் காபி

அன்பு மகன் ரோடெல்லுக்கு, கிரீன்வில்லிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று நான் கேட்கவே வேண்டியதில்லை, அதைத்தான் உங்கள் படகுச் சமையல்காரி அர்செல்லா போன் போட்டுச் சொல்லிவிட்டாளே. "அக்கா, பையன் நல்லா இருக்கான், பதறாதீங்க" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளையைப் பற்றி எனக்கே சொல்ல இவள் யார்?

இங்கே மிசிசிப்பி ஆறு கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது, அப்பா மண்மூட்டை அடுக்கப் போயிருக்கிறார். அங்கே வெள்ளத்தில் வந்த பெரிய மரம் முட்டி, உங்கள் படகு தள்ளிப்போகும் சரக்கு மிதவைகளான பார்ஜுகளைக் கட்டிய வடம் தளர்ந்ததாம், அதை முறுக்கப் போன நீ பார்ஜுக்கும் படகுக்கும் நடுவே விழுந்தாயாம். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றச் சமையலறை வாசலுக்கு வந்த அர்செல்லா குப்புறப் படுத்து உன் லைஃப் ஜாக்கெட் தோள்வாரைப் பிடித்து உன்னை மேலே இழுத்தாளாம். கீழ்க் கொக்கி திறந்திருந்தால் ஜாக்கெட் மட்டும்தான் அவள் கையோடு வந்திருக்கும். குனிந்து வேலை செய்ய இடைஞ்சல் என்று அதைத் திறந்தே வைப்பவன்தானே நீ? எத்தனை தடவை தலைதலையாய் அடித்துக்கொண்டேன்! அன்றைக்கு எப்படிப் போட்டிருந்தான் என்று கேட்டேன். "கொக்கி போடாதவனுக்கு நான் காபி ஊத்த மாட்டேங்க்கா" என்று சிரிக்கிறாள். பெற்றவள் அழுது சொன்னது காதில் ஏறவில்லை, அவளுடைய ஒரு கோப்பைக் காபிக்கு ஏறியதா? போன லீவில் என் சோள ரொட்டியைத் தின்றுகொண்டே, அவள் இன்னும் வெண்ணெய் போடுவாள் என்றாயே, அன்றிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல்தான். பொறாமை என்றே வைத்துக்கொள்.

கடைசியில் அவளும் சிரிப்பை விட்டுவிட்டாள். "ஒரு தடவை பிடி வழுக்கிடுச்சுக்கா, அதான் தூக்கமே வரல" என்று விம்மினாள். உன்னை இழுத்ததில் தோள் மூட்டு இறங்கிப்போய் இப்போது ஒற்றைக் கையால் சமைக்கிறாளாம். நன்றி சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை ராசா.

மரம் மிதந்து வரும்போது இடைவெளியைத் தாண்டாதே, தனியாக முன் பார்ஜுக்குப் போகாதே. கர்த்தர் உன் காலடியைக் காப்பாராக. இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு, வயிற்றெரிச்சலையும் விடாமல் வாசி. தண்ணீர் வடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு வா. அந்தக் கையை நான் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் என் சமையலறைக்குள் மட்டும் அவள் வரக்கூடாது, சொல்லிவிட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
வெர்லீன்