அறுந்த தந்தியின் இடம்

கிட்டார்காரனுக்கு,

"அந்த ராக் பாட்டுக்கெல்லாம் காலம் போயிடுச்சு. இப்ப யாரு கேக்குறா?" இத்தனை வருஷம் கழித்து நீ எழுதியது இவ்வளவுதானா? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் கேட்கிறார்கள் என்று சொல்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நர்சுகள் நாங்கள் வேலைநிறுத்தம் செய்கிறோம். நேற்று போலீஸ் வண்டி வந்து நின்றதும், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி நம் குழுவின் பழைய பாட்டை ஆரம்பித்தாள். நாம் அதைப் பாடியபோது அவள் பிறக்கவே இல்லை. வாசலே சேர்ந்து பாடியது.

ரெக்கார்டிங்கில் மூன்றாவது அடியில் உன் தந்தி அறுந்து, பாட்டு ஒரு கணம் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா? "மானம் போச்சு, திரும்ப எடுக்கலாம்" என்று நீ குதித்தாய். நான் மறுத்தேன்; அது அப்படியே வெளிவந்தது. அன்றோடு என்னோடு பேச்சை விட்டாய்.

நேற்று வாசலில் அந்த இடம் வந்ததும் அத்தனை பேரும் பாட்டை நிறுத்தி, கையை உயர்த்தி, சத்தமில்லாமல் நின்றார்கள். போலீஸ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏம்மா இங்க நிறுத்துறீங்க?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"பாட்டே அப்படித்தான்க்கா. அங்கதான் அவங்களுக்கு பயம் வருது."

நாளையும் வாசலில் உட்காருவோம். கிட்டாரோடு வந்து சேர். தந்தி அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். அந்த இடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இன்னும் அதே பிடிவாதத்தோடு,
உன் டிரம்மர்