தேனீக்களுக்குச் சொல்லாத செய்தி

கொலோன் பட்டணத்துப் பேராலயத்துக்குக் கல் சுமக்கப் போன என் வீட்டுக்காரர் வெசலுக்கு, உங்கள் ஹில்லே சொல்லச் சொல்ல நம் பங்குச் சாமியார் எழுதுவது. நானும் குழந்தை ஆல்ஹைடும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் மண்டியிடுகிறேன். உப்பு வண்டிக்காரர் நாளை கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெந்தகோஸ்தே திருநாளில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ரை தானியக் கதிர்கள் வயலில் நின்றபடியே முளைவிட்டுவிட்டன. அடுப்பு மேல் காய வைத்து இடித்தாலும் மாவு பிசினாக ஒட்டுகிறது, ரொட்டி உள்ளே வேகவே மாட்டேன் என்கிறது. பன்றிக்குப் போட்டுவந்த கருவாலி மரத்துக் கொட்டையை இப்போது நாங்களே தின்கிறோம். பன்றிக்கு என்மேல் கோபம்தான். பண்ணைக் காரியஸ்தர் மட்டும் மழைக்கு அசரவில்லை. "புருசன் இல்லேன்னா பண்ணை உழவுக்கு நீ வா, வாரம் மூணு நாளு" என்று வாசலில் வந்து நின்றார். போகிறேன். சேற்றில் நான் ஏர்க்காலோடு விழுந்த அழகைப் பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பீர்கள்.

உங்களோடு போன ஐந்து பேரும் அறுவடைக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். ரைன் ஆற்றில் கல் ஏற்றிய படகு கவிழ்ந்தது, நீங்கள் அதில் இருந்தீர்கள் என்று அவர்களில் ஒருவரான அடுத்த வீட்டு கெர்லாக் குல்லாவைக் கழற்றிக்கொண்டு சொன்னார். உடம்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பாக்கல, தங்கச்சி. ஆனா அந்த வெள்ளத்துல..." என்று இழுத்தார். பார்க்காத சாவை நான் ஏன் நம்ப வேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதனால்தான் தேனீக்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் அப்பா இறந்த அன்று நீங்கள் வாசல் சாவியால் ஒவ்வொரு தேனீக் கூடையையும் மூன்று முறை தட்டி, எஜமான் போய்விட்டார் என்று சொன்னீர்கள். சொல்லாவிட்டால் தேனீக்கள் தங்காது, செத்தவரும் கூடைகளை விட்டு நகர மாட்டார் என்றீர்கள். கெர்லாக்கின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் என்னைப் பிடுங்குகிறாள். "அடியே, சொல்லித் தொலைடி! ஏழு கூடையில மூணு காலி. மிச்சமும் போச்சுன்னா குளிர்காலத்துல எதை நக்குவ?" என்கிறாள். உயிரோடு இருக்கிறவரைச் செத்தார் என்று சொல்ல என் நாக்கு இன்னும் அழுகிவிடவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

இனி வருவதை எழுதக்கூடாது என்று சாமியார் எழுதும் இறகைக் கீழே வைத்துவிட்டார். அழுதேன். எழுதுகிறார்.

மரியன்னை பிறந்த திருநாளுக்கு மறுநாள், நடுப்பகலில், மொச்சைக்கொல்லையிலிருந்து உங்களைப் பார்த்தேன். கூடைகளுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகு காட்டி நின்றீர்கள். வெசல் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தேன். மழை கொட்டுகிறது, உங்கள் சட்டை நனையவில்லை. உடம்பு முழுக்கத் தேனீக்கள் அப்பியிருந்தன, ஒன்றுகூட இரையவில்லை. நான் வேலியைத் தாண்டியபோது நீங்கள் இல்லை. ஈக்கள் மட்டும் உங்கள் தோளும் தலையுமாக, அதே வடிவத்தில், கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கூடைக்குள் போயின.

பயந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? சந்தோஷப்பட்டேன். தேனீக்களிடம் சொன்னால் இதுவும் போய்விடும் என்று வாயை இன்னும் இறுக்கிக்கொண்டேன். தினமும் மத்தியானம் வேலியோரம் வந்து நின்று உங்களைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

போன செவ்வாய்க்கிழமை குழந்தையைக் காணவில்லை. தேடினால் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். மூடிய கையைப் பிரித்தேன், வெள்ளை மணல். நம் களிமண் ஊரில் மணல் ஏது? ஆற்றுக்குப் போக இரண்டு நாள் நடக்க வேண்டும். எங்கே போனாய் என்று கேட்டேன். "அப்பாகூட. அப்பா வீட்ல கீழயும் தண்ணி, மேலயும் தண்ணி. நாளைக்கும் வரச் சொன்னாரு" என்றாள். மறுநாள் அவளை உள்ளே விட்டுக் கதவைக் கட்டிவைத்தேன். கதவின் அடியில் விரலை நீட்டிக்கொண்டு பகல் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ரொட்டி வேண்டாம் என்கிறாள். பசியே இல்லையாம். இந்தப் பஞ்சத்தில் பசிக்காத பிள்ளை உண்டா?

அதனால் முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை கடிதத்தை வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு தேனீக்களிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் கூடைகளருகே நின்று இதை ஒரு முறை சத்தமாக வாசிக்கும்படி சாமியாரைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும் காதில் விழ வேண்டும்.

கொலோனில் இருந்து கேட்டால், உயிரோடு இருந்த புருஷனைச் செத்தார் என்று சொன்ன பாவியை மன்னித்து, நேராக வீட்டுக்கு வந்து திட்டுங்கள். வாங்கிக்கொள்கிறேன். கூடைகளருகே நின்று கேட்டால், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே தனியாக இருப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரிகிறது. யாரையாவது கூப்பிடத்தான் வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். அவளுக்கு நாலு வயதுதான் ஆகிறது. அவள் கையை விட்டுவிடுங்கள்.

கர்த்தர் உங்களுக்கு இளைப்பாறுதல் தரட்டும், எங்கே இருந்தாலும்.

உங்கள்
ஹில்லே