ஸ்கேன் அறைச் சோதனைக் கட்டி வளர்ந்தது தொடர்பாக

அனுப்புநர்:
அளவுக் கருவிகள் சரிபார்க்கும் தொழில்நுட்பர்,
(மறைந்த ஸ்கேன் தொழில்நுட்பரின் கணவர்).

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
தாய் சேய் மருத்துவமனை.

பொருள்: இரண்டாம் எண் ஸ்கேன் மெஷின் பழுது என்ற முடிவு – மூத்த தொழில்நுட்பருக்கு மெமோ – விதியை மீறியவர் என் மனைவியே எனத் தெரிவித்தல் – மெமோவைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் மனைவியின் பெயருக்கு வந்த தங்கள் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது இரண்டாம் எண் மெஷினில் எடுத்த அளவுகள் நம்பத்தக்கவை அல்ல என்றும், குழந்தையைக் கூட்டிவந்து கால்களை மறுபடி அளந்துகொள்ள வேண்டும் என்றும் தங்கள் கடிதம் கூறியது. அவர் வர இயலாது. மகள் பிறந்த நான்காம் மாதம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துக் காலமானார். அது பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை; தங்கள் மருத்துவர்கள் முடிந்ததைச் செய்தார்கள். அவருக்குப் பதிலாக நேற்று நான் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்; எங்கள் முறை வராததால் இன்றும் வந்திருக்கிறேன்.

2. காத்திருப்புக் கூடத்தில் இதே கடிதத்தோடு தாய்மார் பலர் இருந்தனர். ஒருவர் கவுன்ட்டரில் தன் மகனை உயர்த்திக் காட்டி, "வயித்துக்குள்ள இருக்கும்போதே விலா எலும்புல உதைச்சு என்னைத் தூங்க விடாதவன் இவன். இவனுக்குக் கால் குட்டையா? கிட்ட வந்து ஒரு உதை வாங்கிப் பாருங்க!" என்றார். கவுன்ட்டரில் இருந்தவர், "என்கிட்ட ஏம்மா சண்டைக்கு வர்றீங்க? நோவு மெஷினுக்குத்தான், உங்க புள்ளைக்கு இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தத்தம் குழந்தையின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டதையும் கண்டேன்.

3. மெஷின் பழுது என்பதற்குச் சான்றாகத் தணிக்கைப் பிரிவு ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தது. பார்த்ததும் எனக்கு அது விளங்கிவிட்டது. ஏனெனில் அதே வரைபடம் நேற்றுவரை என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. வரைந்தவன் நான். அதில் இருப்பது மெஷினின் பழுது அல்ல. அது என் மகளின் தொடை எலும்பு, பிறப்பதற்கு முன்.

4. விளக்கம் வருமாறு. ஸ்கேன் மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, ஜெல்லால் ஆன ஒரு சோதனைக் கட்டி உண்டு. அதற்குள் இரண்டு நைலான் இழைகள் நாற்பது மில்லிமீட்டர் இடைவெளியில் பதிக்கப்பட்டிருக்கும். தினமும் காலையில் முதல் தாய் உள்ளே வருமுன் அந்த இடைவெளியை அளந்து, 'சோதனை' என்ற தலைப்பில் மெஷினில் பதிய வேண்டும். மெஷின் நன்றாக இருந்தால் எந்நாளும் நாற்பதுதான் வரும். அந்தக் கட்டிக்கு ஸ்கேன் அறையில் 'மாமியார்' என்று பெயர். காரணம் கேட்டபோது என் மனைவி, "என்னதான் செஞ்சாலும் ஒரு மில்லிமீட்டர் இறங்கி வராது பாருங்க, அதான்" என்றார். என் தாயாருக்கும் இந்தப் பெயர் தெரியும். அவர் ஆட்சேபிக்கவில்லை.

5. ஐந்தாம் மாத ஸ்கேனில் எங்கள் குழந்தையின் தொடை எலும்பு அந்த வாரத்துக்கு உரிய அளவின் கீழ் ஓரத்தில் இருந்தது. முப்பத்தொரு மில்லிமீட்டர். கவலைப்பட ஒன்றுமில்லை, நான்கு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். வேறொரு பெண்ணாக இருந்தால் வீட்டுக்குப் போய்க் காத்திருப்பார். என் மனைவிக்கோ அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மெஷினில், நாள் முழுக்க மற்றவர்களின் குழந்தைகளுக்குத் தொடை எலும்பை அளப்பதே வேலை. "இலை பூரா சோத்த வச்சுட்டு நாலு வாரம் கழிச்சு சாப்பிடுன்னா எப்படி?" என்று என்னிடம் கேட்டார். வாரத்துக்கு வாரம் வளர்வது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அளப்பதில் வரும் பிழையே ஒன்றரை இருக்கும், ஆகவே வாராவாரம் அளப்பதில் பொருள் இல்லை என்று நான் தொழில்முறையில் எடுத்துச் சொன்னேன். "உங்க பிழைய நீங்களே வச்சுக்குங்க, எனக்குப் புள்ளையப் பாக்கணும்" என்றார்.

6. அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசித் தாய் போன பிறகு அவர் தானே படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டார். வயிற்றின் மேல் ப்ரோப் என்ற ஸ்கேன் கைக்கருவியை நகர்த்தியவர் மூத்த தொழில்நுட்பர், நாங்கள் அக்கா என்று அழைப்பவர். தன் பெயரில் பதிந்தால் கேள்வி வரும் என்று, என் மனைவி அந்த அளவை 'சோதனை' தலைப்பிலேயே பதியச் சொன்னார். எலும்பைத் தவிர வேறெதையும் அவர்கள் பார்க்கவில்லை. ஆணா பெண்ணா என்பது பிறக்கும் வரை எங்கள் மூவருக்கும் தெரியாது.

7. ஒருமுறை மனைவியை அழைத்துப்போக வந்த என்னை அக்கா உள்ளே கூப்பிட்டார். "தம்பி, வெளிய நின்னு சுவத்த அளந்தது போதும், இங்க வாங்க" என்றார். திரையில் ஒரு சிறு வெள்ளைக் கோடு. அளப்பதற்காக அவர் முனைக்கொரு கூட்டல் குறி வைத்தார். வைப்பதற்குள் கோடு நகர்ந்துவிட்டது. நான் அளக்கும் பொருட்கள் அசைவதில்லை. இது மூன்று முறை அசைந்தது. மூன்று முறையும் என் மனைவி படுத்தபடியே, "உங்க புள்ளதான், ஒரு இடத்துல நிக்குதா பாருங்க" என்று என்னைத்தான் திட்டினார்.

8. இடையே ஒரு வாரம் அளவு முன்வாரத்தைவிடக் குறைந்தது. தணிக்கைப் பிரிவு இந்தப் பள்ளத்தையே மெஷின் பழுதுக்கு முக்கிய ஆதாரமாகக் காட்டியுள்ளது. எலும்பு சாய்ந்து கிடந்தால் திரையில் குறுகித் தெரியும் என்பதே காரணம். அன்று என் மனைவி சாப்பிடாமல் இருந்தார். அக்கா, "கால மடக்கிட்டுத் தூங்குது உன் புள்ள. அது நல்லாத் தூங்கட்டும், நீ போயி நல்லாச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை கோடு நேராகிவிட்டது. அதற்கடுத்த வாரங்களில் கீழ் ஓரத்திலிருந்து நடுவுக்கே ஏறி வந்துவிட்டது. அந்த மாதங்களைப் போல நாங்கள் சிரித்த மாதங்கள் வேறில்லை.

9. தணிக்கையாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய முறைப்படி ஒவ்வொரு வாரத்தின் கடைசிப் பதிவு மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது ஒவ்வொரு வாரமும் என் மகளாகவே அமைந்துவிட்டது. காலைப் பதிவுகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் கட்டி ஒருநாளும் நாற்பதை விட்டு நகரவில்லை என்பது தெரியும். மேலும், அந்த மெஷின் திடீரெனக் கெட்டு, அளவு நாற்பதுக்குக் கீழே இறங்கி, படிப்படியாக அறுபத்தேழு வரை ஏறி, பின் யாரும் தொடாமலே ஒரே வாரத்தில் குணமாகியிருக்கிறது. தானாகக் குணமாகும் கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். பணியாளர் பிரசவ விடுப்பில் போன வாரமே குணமாகும் கருவியைப் பார்த்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க என் வரைபடத்தை இணைத்துள்ளேன். ஓரத்தில் இருக்கும் மஞ்சள் கறையைப் பொருட்படுத்த வேண்டாம். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தரவும்.

10. பழுதை மறைத்ததாக அக்காவுக்கு மெமோ தரப்பட்டு, நாளை விசாரணை என்றும், அவர் பதில் தராவிட்டால் பணி நீக்கம் என்றும் அறிந்தேன். அவர் பதில் தர மாட்டார். நேற்று மாலை இங்கிருந்து அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். "செத்தவ தலையில பழியப் போட்டுட்டு நான் வேலையக் காப்பாத்திக்கணுமா? அவ பேருக்கு ஒரு கரும்புள்ளி வர நான் விட மாட்டேன். நீ போ தம்பி, புள்ளைக்குச் சோறூட்டுற நேரமாச்சு" என்றார். வாசல்வரை வந்து மகளைக் கொஞ்சிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு இன்னும் பல ஆண்டுப் பணி இருக்கிறது. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவரே.

11. ஆகவே அவர் சொல்லாததை அவருக்காக நான் சொல்கிறேன். விதியை மீறி மெஷினைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தவர் என் மனைவி. தவறான தலைப்பில் பதியச் சொன்னவரும் அவரே. இந்தப் புகார் அவர் மீதுதான். புகார் கொடுக்கும் உரிமை கணவனுக்கு உண்டு என நம்புகிறேன். அக்கா செய்தது, கூட வேலை செய்த பெண் கேட்டதற்கு மறுக்காதது மட்டுமே. தாய்மாருக்கு அனுப்பிய கடிதங்கள் தேவையற்றவை என்று இன்றே அவர்களுக்குத் தெரிவித்தால், இங்கே வரிசையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

12. என் மகள் நலமாக இருக்கிறாள். இதை எழுதும்போது என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நிற்பது இந்த வாரம்தான் தொடங்கியது. சற்று முன் ஒருவர் டேப்பால் அவள் காலை அளக்க வந்தார். இரண்டு முறை முயன்றுவிட்டு, "உதைக்கிற உதையில காலுக்கு ஒண்ணும் இல்லன்னு தெரியுது" என்று எழுதிக்கொண்டு போனார். வீட்டில் குறையில்லை.

13. தங்களிடம் நான் கேட்பது இரண்டு. அக்காவின் மெமோவைத் திரும்பப் பெற்று, என் மனைவியின் பணிப் பதிவேட்டில் அந்தத் தவற்றைப் பதிய வேண்டும். இறந்தவர் என்பதால் தயங்க வேண்டாம். அவர் செய்ததை அவர் பெயரில் எழுதுவதில் எனக்கு அவமானம் இல்லை. எழுதும்போது, அந்தச் சனிக்கிழமைப் பதிவுகளில் 'அளக்கப்பட்ட பொருள்' என்ற இடத்தில் இப்போது 'சோதனைக் கட்டி' என்று இருப்பதை அடித்துவிட்டு, 'மகள்' என்று திருத்தி எழுதித் தர வேண்டும்.

நாளைய விசாரணைக்கு மகளோடு வந்து வெளியே காத்திருப்பேன். அழைத்தால் உள்ளே வருவேன்.

இங்ஙனம்,
தங்கள் மருத்துவமனையில் பணிபுரிந்தவரின் கணவர்

(ஒப்பம்)

இடம்: ஸ்கேன் பிரிவு, காத்திருப்புக் கூடம்
நாள்: விசாரணைக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை