நீங்கள் மறுக்காத ஊசி

அக்கா,

இன்று காலை அச்சகத்திலிருந்து புதுக் கட்டு வந்தது. பிரித்ததும் மை வாசனை அறை முழுவதும் பரவியது. தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் ஊழியர்கள் கையெழுத்திட வேண்டிய மறுப்புப் படிவங்கள். இந்த முறை வழவழப்பான தாள், மூன்று மொழிகள். வேண்டாம் என்று சொல்வதற்கு எங்கள் நிர்வாகம் இவ்வளவு நல்ல தாளை இதுவரை வாங்கியதில்லை. நீங்கள் கையெழுத்திட்டது மங்கலான ஜெராக்ஸ், ஆங்கிலத்தில் மட்டும்.

செம்பூர் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பிரிவில் நான் எழுத்தர். நீங்கள் மூன்றாம் மாடியில் துப்புரவு வேலை. தாராவியிலிருந்து நீங்களும் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நானும் ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுவோம். வாசல் கடையில் டீ குடிப்போம். மேட்ரன் பக்கத்தில் இருந்தால் என்னை ‘சார்’ என்பீர்கள், இல்லாவிட்டால் ‘தம்பி’.

கை கழுவும் முறை பற்றி நான் ஒட்டிய சுவரொட்டியை முழுதாகப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் நீங்கள் ஒருவர்தான்.

“தம்பி, எங்களை மோதிரம், வளையல் எல்லாம் கழத்திட்டுக் கழுவச் சொல்லுதீய. படத்துல இருக்க மகராசி மோதிரத்தோடல்லா கழுவுதா?”

“அது படம் அக்கா.”

“ஆமா, அவளுக்கு என்ன, நோயா வரப்போவுது.”

படத்தை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன். அவள் இன்னும் மோதிரத்தோடுதான் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வருடம் தரச்சான்றுக்காக ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இரத்தத்தின் வழியே பரவும். ஆகவே ஊசியும் இரத்தமும் படக்கூடிய வேலையில் இருக்கும் எல்லாருக்கும், குப்பை அள்ளுபவர்கள் உட்பட, தடுப்பூசி போட வேண்டும் என்பது வழிகாட்டுதல். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஊசி போட்ட தேதி இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுப்புப் படிவம் இருக்க வேண்டும். யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கோப்பில் இடமில்லை. உங்கள் பெயருக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது.

ஆய்வுக்கு முந்தின நாள் மத்தியானம், நான் கூப்பிட்டனுப்பியதும், கையில் மாப்புடனேயே என் மேசைக்கு வந்தீர்கள்.

“ஊசி போட்டா காய்ச்சல் வருமா தம்பி? ரெண்டு நாள் வேலைக்கு வராம சுட்டி எடுத்தேம்னா கான்ட்ராக்டர் என் எடத்துல வேற ஆளைப் போட்டுருவாம்லா?”

பதில் எனக்குத் தெரியும். கை கொஞ்சம் வலிக்கும், சிலருக்கு லேசாக உடம்பு சுடும், பெரும்பாலும் மறுநாளே வேலைக்கு வந்துவிடலாம். கான்ட்ராக்டரிடம் பேசி உங்கள் இடத்தை உறுதி செய்திருக்கவும் முடியும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வேலை. முதல் தவணையை அன்றே போட்டிருக்கலாம். ஆனால் மேட்ரன் மூன்றாவது முறையாகப் போனில் கோப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் படிவத்தை நீட்டினேன்.

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் அக்கா. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கோ. மத்தது அப்புறம் பேசிக்கலாம்.”

“என்ன எழுதிருக்கு?”

“ஊசி வேண்டாம்னு சொன்னதா இருக்கு. சும்மா ஃபார்மாலிட்டிதான்.”

“வேண்டாம்னு நான் சொல்லலியே தம்பி.”

சொல்லிக்கொண்டே கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தமிழில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டீர்கள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று நான் நிரப்பினேன். மறுநாள் ஆய்வாளர் கோப்பைப் பாராட்டினார். படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்பதற்கு மாதிரியாக, பெயரை மறைத்து, உங்களுடையதைப் பயிற்சிக் கோப்பில் சேர்த்தார்கள். அப்புறம் பேசிக்கொள்வது என்பது அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, கெட்டிப் பெட்டியில் போட வேண்டிய ஊசியை யாரோ சாதாரணக் குப்பைப் பையில் போட்டிருந்தார்கள். பையைத் தூக்கும்போது உங்கள் விரலில் குத்தியது. குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே வந்து சொல்ல வேண்டும். தடுப்பூசி போடாதவர்களுக்கும் அந்த நேரத்தில் கொடுக்க மருந்து உண்டு. இது நானே தட்டச்சு செய்த சுற்றறிக்கை. நீங்கள் வந்து சொல்லவில்லை. கண் மஞ்சளாகி, நீங்கள் துடைத்த அதே மூன்றாம் மாடியில் உங்களைப் படுக்க வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“ஏன் அக்கா அன்னிக்கே சொல்லலை?”

“வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேம்லா. பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து கேக்க?”

நான் உங்கள் போர்வையை இழுத்துவிட்டேன். நீங்கள் மறுபடி பேசினீர்கள்.

“இதுனால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா தம்பி?”

“ஆகாது அக்கா.”

அந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிட்டேன். அது உண்மையும்கூட. நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்த கூட்டத்தில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஊழியர்களின் விழிப்புணர்வுக் குறைவு பற்றி வருத்தம் தெரிவித்தார்கள். இனி மறுப்புப் படிவத்தைத் தமிழிலும் இந்தியிலும்கூட அச்சிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கட்டுதான் இன்று வந்தது.

அதை மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். கேட்டால்தான் எடுப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் கை வலியைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு அவர்கள் எதிரிலேயே கான்ட்ராக்டருக்குப் போன் செய்கிறேன். குத்தினால், என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் ஓடி வரச் சொல்கிறேன். சிலர் இரண்டாம் தடவையும் கேட்பார்கள். இரண்டாம் தடவையும் சொல்கிறேன். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை அக்கா. அதுதான் தாங்க முடியவில்லை.

போன ஆய்வில் பயிற்சிக் கோப்பில் ஒரு தாள் குறைவதாக எழுதிவிட்டுப் போனார்கள். அது என் சட்டைப்பையில் இருக்கிறது. ‘சொந்த விருப்பம்’ என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறேன்: காய்ச்சல் வருமா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.